இலையை விட்டு எழுந்தவள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி கண்ணை மூடும்போது என் கையில் விட்டுவிட்டுப் போனது. ஆறில் ஒன்றையும் நான் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் அனுப்பியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது சோறு இறங்காத கதை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பேத்தி, "நீங்க சொல்லுங்க அம்மாச்சி, நான் எழுதுறேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் எழுதினால் அது அவளுடைய பேச்சாகிவிடும். இது என் வயதுக்காரிகளுக்கு நானே எழுதுவது. சாயங்காலம் கோயில் மணல்வெளியில் உட்கார்ந்து முட்டிவலி, சர்க்கரை, மருமகள் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கிறோம். முழுங்க முடியவில்லை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கேட்டால் வாயு என்கிறோம். ஓம வாட்டர் வாங்கிக் குடிக்கிறோம்.

நானும் ஒரு வருஷத்துக்கு மேல் வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் இட்லி உள்ளே போகும். மூன்றாவது வாய் நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் அதன் மேல் நிற்கும். எழுந்து, முதுகை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தால் ஏதோ ஒன்று இளகிக் கீழே விழுவது போல இருக்கும். முதல் தடவை அப்படி எழுந்து நின்றபோதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு. நான் அதை வேறொருத்தியிடம் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஸ்ரீரங்கத்தில் கீழச்சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே பட்டறை வேலை. சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டிப் போய்விட்டு, சட்டையில் கிரீஸ் வாசனையோடு திரும்புவார். அப்பாவின் ஒரே தங்கை என் அத்தை. அந்த வருஷம் தை மாதம்தான் அவளை லால்குடிப் பக்கம் வயல்காட்டுக்காரர்கள் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதும், ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப்போவதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தையும் அப்படித்தான் வந்தாள். ஆனால் வண்டியை விட்டு இறங்கியது கல்யாணத்தன்று நான் பார்த்த அத்தை இல்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. கழுத்தெலும்புக் குழியில் தாலிச்சரடு விழுந்து கிடந்தது. கையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு. இடுப்பு பெருத்து, கழுத்து நீண்டு, வாயோரம் லேசாக நசுங்கிய செம்பு. வழியெல்லாம் அதில்தான் வெந்நீர் கொண்டுவந்தாளாம்.

கூடவே அவளுடைய மாமியார் வந்திருந்தார். உயரமான, சத்தமாகப் பேசுகிற மனுஷி. அடுக்களையில் அம்மாவிடம் அவர் சொன்னதை நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சம்பந்தி, சாப்பிட்டதெல்லாம் அப்படியே வெளிய வருது. முழுகாம இருக்கான்னு நெனச்சு ஊருக்கே சக்கரப்பொங்கல் குடுத்தேன். அப்புறம் பாத்தா அதுவும் இல்ல. எனக்கு வெளிய தலைகாட்ட முடியல."

"மொதப் பிரிவு பாருங்க. ஏக்கமா இருக்கும்" என்றாள் அம்மா.

"என்ன ஏக்கமோ. ஒரு ஆள் சோறு உக்காந்து சாப்பிடற மாதிரி ஆக்கி வைங்க. ஆவணியில வந்து கூட்டிக்கிறேன்."

"ஆகலன்னா?"

மாமியார் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உங்களில் பல பேர் வீட்டிலும் இருந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டால் அந்தச் சாப்பாடு முடிந்தது. திரும்பி வந்து அதே இலையில் உட்காரக் கூடாது. அப்பாவுக்கு இதில் ரொம்பக் கண்டிப்பு. நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஒன்றுக்கு வந்தால்கூடத் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அத்தை உட்காருவாள். ஒரு வாய் சோறு, ஒரு வாய் தண்ணீர், ஒரு வாய் சோறு, ஒரு வாய் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிடும். கண் அகலும். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வரும். அப்பா இலையைப் பார்த்தபடியே, "பாப்பா, உக்காரு" என்பார். அவளும் முடிந்த மட்டும் உட்காருவாள். பிறகு ஒரே ஓட்டம், கொல்லைப்புறத்துக்கு. துணி துவைக்கிற கல் பக்கத்தில் நின்று முதுகை வில் மாதிரி பின்னுக்கு வளைத்து, கையை மேலே தூக்கி நிற்பாள். சில நாள் இறங்கும். சில நாள் மேலே வந்துவிடும். இறங்கிய நாளில் அவளுக்கு நல்ல பசி இருக்கும், முகத்திலேயே தெரியும். ஆனால் உள்ளே வந்து பார்த்தால் அம்மா இலையை எடுத்து மாட்டுக்குப் போட்டிருப்பாள்.

அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "நான் பொங்கிப் போட்டா இறங்கலையா, இல்ல எங்க வீட்டுச் சோறு பிடிக்கலையா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அத்தை, "இறங்குது அண்ணி. பாதி வழியில நின்னுடுது" என்றாள்.

"அது என்ன, வழியில ஆத்துப் பாலமா போட்டிருக்கு, நிக்கிறதுக்கு?"

அத்தைகூடச் சிரித்துவிட்டாள். சிரித்ததில் மார்பு வலித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

ஆடி பாதியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். இது இடுமருந்து. புகுந்த வீட்டில் யாரோ சோற்றில் மருந்து வைத்து, அது குடலில் ஒட்டிக்கொண்டு சோற்றை விரட்டுகிறது. மலைக்கோட்டை பக்கம் மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அம்மா அத்தையைக் கூட்டிப்போனாள். என்னையும் அழைத்துப்போனாள், திரும்பும்போது சாமான் தூக்க.

ஜவுளிக்கடைகளுக்கு நடுவே இருட்டான ஒரு மாடிப்படி. மேலே கற்பூர வாசனையும் பச்சிலை வாசனையும். அந்த ஆள் அத்தையின் நெஞ்சுக்குழியில் ஒரு மூங்கில் குழலை வைத்து வாயால் உறிஞ்சினார். பிறகு ஏதோ பச்சைச் சாற்றைக் குடிக்கவைத்து, குனியவைத்து, முதுகில் தட்டினார். தாம்பாளத்தில் வந்து விழுந்தது முந்தின நாள் இரவு சாப்பிட்ட சோறு. பருக்கை பருக்கையாக, பிசைந்தபடி அப்படியே.

"பாத்தீங்களா? ராத்திரி தின்ன சோறு, வேகாத அரிசி மாதிரி கிடக்கு. மருந்து உள்ள இருந்தாத்தான் இப்படிச் செரிக்காம இருக்கும்" என்றார்.

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "புளிப்புகூட இல்ல அண்ணி. கசக்கவும் இல்ல. சாப்பிட்டப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றாள். அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி இன்றைய சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் திருச்சியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா, என் மகளைவிடச் சின்னவள், முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "மேல வர்றது புளிக்குதாம்மா, இல்ல சாப்பிட்ட மாதிரியே இருக்கா?"

"சாப்பிட்ட மாதிரியேதான் இருக்கு" என்றேன்.

"அப்ப அது வயித்துக்கே போகல. வழியிலயே நின்னு திரும்பி வருது" என்றாள்.

அறுபத்தேழு வருஷமாக எனக்குள் கிடந்த தாம்பாளம் அப்போது கண் முன்னால் வந்தது. அந்தச் சோறு செரிக்காததற்குக் காரணம் மருந்து இல்லை. அது வயிற்றையே பார்க்கவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. காவிரி இரு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. ஸ்ரீரங்கத்து அம்மாமண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணி, பூ, ஈர மஞ்சள், மிதித்த வாழைப்பழம் எல்லாம் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எனக்குத் தண்ணீரைப் பார்த்தாலே வரும். தூக்குச்சட்டியில் புளியோதரையும் தேங்காய்ச்சோறும் தயிர்சோறும் எடுத்துப்போயிருந்தோம். உட்கார இடமேது? அம்மா எல்லோர் கையிலும் உருட்டி உருட்டி வைத்தாள். நின்றபடி சாப்பிட்டோம். படி ஏறி இறங்கிச் சாப்பிட்டோம்.

அத்தை கரையோரமாக நடந்துகொண்டே சாப்பிட்டாள். ஒரு உருண்டை, நாலு எட்டு நடை, செம்பிலிருந்து ஒரு மடக்கு வெந்நீர். மறுபடி அம்மாவிடம் வந்து கை நீட்டுவாள். அவள் திரும்பத் திரும்ப வந்து கை நீட்டியதில் அம்மா கண் கலங்கிவிட்டாள். கொல்லைக்கு ஓடவில்லை, ஓடக் கொல்லையும் இல்லை. எல்லாம் இறங்கிவிட்டது.

"அந்த ஆள் மருந்தை எடுத்துட்டாரு. சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு போடறேன்னு நானும் வேண்டிக்கிட்டேன்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

நான் பார்த்தது வேறு. "அத்த நின்னு சாப்பிட்டுச்சு. அதான் இறங்குச்சு" என்றேன்.

"ஆமா, இவ பெரிய வைத்தியர்" என்று அம்மா என் வாயில் ஒரு உருண்டையைத் திணித்தாள்.

அப்பா லால்குடிக்கு ஆள் அனுப்பி, சரியாகிவிட்டது, ஆவணியில் வரலாம் என்று சொல்லச் சொன்னார். போன ஆள் அதோடு நிறுத்தவில்லை. இடுமருந்து எடுத்த கதையையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மாமியாரும் அத்தையின் புருஷனான மாமாவும் வந்தார்கள். மாமா அதிகம் பேசாத மனுஷர். கையில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். மாமியார் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"நாங்க மருந்து வெச்சோமாமே?"

அம்மா ஓடி வந்தாள். "நாங்க உங்களைச் சொல்லலீங்க. யாரோ…"

"எங்க வீட்டுல யாரோன்னு யாரு இருக்கா? நானும் எம் மவனும்தான். சரி, எடுத்துட்டீங்கல்ல? இலையைப் போடுங்க. எங் கண்ணு முன்னால அவ உக்காந்து ஒரு இலை சோறு சாப்பிடட்டும். நான் ஒண்ணும் பேசாம கூட்டிக்கிட்டுப் போறேன். பஸ்ஸுல அவளுக்கு ஜன்னலோரம் எடம் புடிச்சு உக்கார வெக்கிறேன்."

கூடத்தில் எதிரும் புதிருமாக இலை போட்டார்கள். ஒரு பக்கம் மாமியார், மாமா, அப்பா. எதிரே அத்தை தனியாக. அப்படிப் பெண்ணைச் சம்பந்திக்கு எதிரே சரிசமமாக உட்காரவைத்து எங்கள் வீட்டில் அதற்கு முன் பந்தி நடந்ததில்லை. அன்று அம்மா பூசணிக்காய் சாம்பாரும், வாழைக்காய் வறுவலும், பால் பாயசமும் வைத்திருந்தாள். எண்ணெய் வாசனை கூடம் முழுக்க இருந்தது. நான் தண்ணீர்ச் சொம்போடு அத்தைக்குப் பின்னால் நின்றேன்.

முதல் கவளம் போனது. இரண்டாவதும் போனது. அத்தையின் முதுகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முதுகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. மாமியார் சாப்பிடாமல் அவள் வாயையே பார்த்தார். அத்தை தண்ணீர் குடித்தாள். இன்னொரு கவளம் உருட்டினாள், கை வாய்க்குப் போகாமல் இலை மேலேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது.

அப்பா மெதுவாக, "பாப்பா, உக்காரு" என்றார். அது அதட்டல் இல்லை. கெஞ்சல்.

நான் சொன்னேன். இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், நான் அன்றைக்கே சொன்னேன். "அத்தைய எந்திரிச்சு நிக்க விடுங்க. நின்னா இறங்கிடும்."

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு பத்து நாள் கன்றிக் கிடந்தது. "பெரியவங்க பேசற எடத்துல வாய மூடு."

அத்தை எழுந்தாள். ஓடவில்லை. இலையைத் தாண்டி, தலை நிமிர்ந்து, கல்யாணப் பெண் மாதிரி மெல்ல நடந்து கொல்லைக்குப் போனாள். மாமா பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு அவள் பின்னால் போனார். அவரும் இலையை விட்டு எழுந்துவிட்டார் என்பதை யாரும் பேசவே இல்லை. துவைக்கிற கல் பக்கத்தில் அவர் அவளிடம், "தண்ணி மொண்டு தரட்டா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அத்தை கையைத் தூக்கியபடி நின்று தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில், "இறங்கிடுச்சு" என்று சிரித்தாள்.

அவள் திரும்பி வந்து இலைக்கு முன்னால் நின்றாள். அன்றைக்கு அவள் முழு இலையையும் சாப்பிட்டிருப்பாள் என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் உட்காரச் சொல்ல யாரும் இல்லை. மாமியார் தம் இலையை மூடிவிட்டார்.

"எந்திரிச்சவளுக்கு மறுபடி இலை எதுக்கு? உங்க வீட்டு வழக்கம்தானே?" என்றார்.

அது எங்கள் வீட்டு வழக்கம்தான்.

அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். ஜன்னலோரத்தில் யார் உட்கார்ந்தார்களோ தெரியாது. பிறகு அப்பா அத்தையை ஒரு டாக்டரிடம் காட்டினார். அந்தக் காலத்து டாக்டர். எல்லாம் மனசுதான், பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, சந்தோஷமாக இருந்தால் சரியாகும் என்று ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். சந்தோஷத்தை எந்தக் கடையில் வாங்குவது என்று அம்மா கேட்டாள். மறு தையில் மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு அம்மா அத்தைக்கு இலை போடுவதை விட்டுவிட்டாள். கஞ்சியைச் சூடாக அந்தப் பித்தளைச் செம்பில் ஊற்றிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொடுப்பாள். அத்தை நடந்துகொண்டே குடிப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

அத்தை இரவில் படுக்க மாட்டாள். ஜமக்காளத்தையும் தலையணைகளையும் சுருட்டிச் சுவரோரம் வைத்து அதில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவாள். படுத்தால் இருமல். அப்பா இதைப் பார்த்து, மாமாவை நினைத்துத்தான் உட்கார்ந்தே கிடக்கிறாள் என்று முடிவு செய்தார். பாசத்தில்தான் செய்தார். சுருட்டி வைத்ததையெல்லாம் பிரித்து மெத்தையாக விரித்து, "இப்படி உக்காந்தே உருகாதம்மா. காலை நீட்டிப் படு" என்றார். அண்ணன் பேச்சைத் தட்டாமல் அவள் படுத்தாள்.

மார்கழியில் அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டி ஜுரம் வந்தது. சொர்க்கவாசல் திறந்த அன்றைக்குப் போனாள். புண்ணியவதி என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் சந்தில் அப்படிப் பொறாமைப்பட்டுப் பேசிய சாவு வேறு இல்லை.

அந்தச் செம்பு பிறகு ரொம்ப நாள் இருந்தது. எனக்குக் கல்யாணம் பேசிய சமயம் பழைய பித்தளைக்கு எவர்சில்வர் கொடுக்கிறவனிடம் போட்டுவிட்டார்கள்.

இனி என் கதை. வாயு மாத்திரை ஒரு டப்பா தீர்ந்த பிறகு என் மகள் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். முதலில் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். புற்று இல்லை என்றார்கள். மகள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அடுத்து ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து, நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அப்புறம் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் கொடுத்து, முழுங்கும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று கணக்கெடுத்தார்கள். மூக்கில் குழாய் நுழைந்தபோது அந்த மலைக்கோட்டை மாடிப்படி என் கண்ணில் வந்தது. கற்பூர வாசனைகூட வந்தது.

டாக்டரம்மா படத்தைக் காட்டினாள். வெள்ளையாக ஒரு குழாய். மேலே வீங்கி அகன்று, கீழே வரவர ஒடுங்கி, முனையில் கிளி மூக்கு மாதிரி கூராக நின்றது. அத்தையின் செம்பைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது.

"சாப்பாட்டுக் குழாய்க்குக் கீழ ஒரு வாசல் இருக்கும்மா. சாப்பாடு வரும்போது தானா திறக்கணும். திறக்கச் சொல்ற நரம்பு கெட்டுப்போச்சு. தள்ளி விடற வேலையும் நின்னுபோச்சு. இதுக்கு அக்கலேசியான்னு பேரு."

"நான் ஸ்ரீரங்கத்துக்காரி. வருஷத்துக்கு ஒரு நாள் தெறக்கிற வாசலெல்லாம் எனக்குப் பழக்கம்தான்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"இது பயத்தால வர்றதா?"

"இல்லம்மா."

"பிடிவாதத்தால?"

"அதாலயும் இல்ல. ஏன் வருதுன்னு இன்னும் சரியாத் தெரியல. உடம்பு தன் நரம்பையே தப்பா அழிச்சிடுதுன்னு நினைக்கிறாங்க. பெரும்பாலும் குடும்பத்துல வழிவழியா வர்றதும் இல்ல."

படுத்தால் ஏன் இருமல் வருகிறது என்று கேட்டேன். குழாயில் நிற்கிற சோறும் தண்ணீரும் படுக்கும்போது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், அதனால்தான் நெஞ்சில் சளி கட்டும், தலைப்பக்கம் உயர்த்தித்தான் படுக்க வேண்டும் என்றாள். அப்பாவை நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, அவர் இதைக் கேட்க இல்லை.

செத்த நரம்பு திரும்ப வராதாம். வாசலைத்தான் திறந்துவிட முடியுமாம். பலூன் விட்டு விரிக்கலாம், அது சில வருஷத்தில் மறுபடி இறுகலாம். ஊசி போடலாம், அது சில மாதம் நிற்கும். இல்லையென்றால் அந்தத் தசையைக் கீறிவிடலாம், அதையும் வயிற்றைத் திறக்காமல் வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்தே செய்யலாம். என் இதயம் நன்றாக இருப்பதால் அதைத்தான் செய்யலாம் என்கிறாள். மயக்க மருந்து உண்டு. சாப்பாட்டுக் குழாயில் துளை விழுகிற ஆபத்து கொஞ்சம் உண்டு, மறைக்க மாட்டேன் என்றாள். செய்த பிறகும் மெல்ல மெல்லத்தான் சாப்பிட வேண்டும். நெஞ்செரிச்சல் வரலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நாலு நாளாக மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வெட்கம் என்று நினைக்கிறாள். வெட்கம் இல்லை. பிறர் கையிலிருந்த குழலுக்கு உடம்பைக் கொடுத்தவளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம்தான். எழுதத் தொடங்கும்போது அந்தப் பயம் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவும் இப்போதும் இருக்கிறது. ஆனால் அத்தையிடம் புளிக்கிறதா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

பேத்தி வந்து நிற்கிறாள். அவளிடம் சொல்லப்போவதை அப்படியே எழுதிவிட்டு முடிக்கிறேன்.

"இந்தாடி, மொதல்லேருந்து நிறுத்திப் படி. ஒத்தெழுத்து எங்கயாவது விட்டிருந்தா நீ போட்டுக்க, வார்த்தைய மாத்தாத. கஞ்சிய அந்த டம்ளர்ல சூடா ஊத்திக் குடு. நான் நடந்துகிட்டே கேக்கறேன், உக்காருங்கன்னு சொல்லாத. படிச்சு முடிச்சதும் ஆஸ்பத்திரிக்கு ஃபோனைப் போட்டு, அம்மாச்சி வர்றாங்கன்னு சொல்லு. ம், படி."